அப்பா குடியைத் திடீரென நிறுத்தினார், இப்போது கை நடுங்குகிறது. என்ன செய்வது?

மல்லாவி மகள் | சனி, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 54 வயது, கமம் செய்கிறார். முகாமில் இருந்து திரும்பி வந்த காலத்தில் தொடங்கிய குடி, இப்போது ஒவ்வொரு நாளும் சாராயம் அரைப் போத்தலில் வந்து நிற்கிறது. வெட்டுக் காலத்தில் அதைவிடக் கூட.

போன கிழமை கிளினிக்கில் இரத்தம் எடுத்து, ஸ்கானும் செய்து, ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, குடியை விடுங்கள் என்று சொன்னார்கள். அப்பாவுக்கு அது நன்றாகப் பட்டுவிட்டது. நேற்றுப் பின்னேரம் குடித்ததுதான் கடைசி. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தியும் வைத்துவிட்டார்.

இன்று விடிந்ததில் இருந்து கை நடுக்கம், வேர்வை, இரண்டு மூன்று தரம் சத்தி. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி சாரத்தில் ஊற்றுப்பட்டுவிட்டது. சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறார். உடம்பில் இருக்கிற நஞ்சு கழிகிறது, இரண்டு நாள் பொறுத்தால் சரி என்று மாமா சொல்கிறார். அம்மா அழுதுகொண்டிருக்கிறா. இது சாதாரணமானதா?

வயற்காரன் | சனி, இரவு 8.52

தங்கச்சி, அப்பா எடுத்தது நல்ல முடிவு. மனதைத் தளரவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கோ. எங்கள் பக்கத்திலும் நேர்த்தி வைத்துக் குடியை விட்ட ஆட்கள் இருக்கினம். தேசிக்காய்த் தண்ணி, மோர், கஞ்சி கொடுங்கோ. குளிர்மையான சாப்பாடுதான் நல்லது.

தாதி அக்கா | சனி, இரவு 9.05

தங்கச்சி, பொறுத்திருக்க வேண்டாம். இந்த இரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அப்பாவை ஏற்றிய பிறகு மிச்சத்தை வாசிக்கலாம்.

நான் வன்னியில் ஆண்கள் வாட்டில் வேலை செய்கிறவள். ஏன் அவசரப்படுத்துகிறேன் என்று சொல்கிறேன்.

மதுசாரம் மூளையை அடக்குகிற பொருள். மூளையை அமைதிப்படுத்துகிற காபா என்ற இரசாயனத்தின் வேலையை அது கூட்டும். உசுப்பிவிடுகிற குளுட்டமேற்றின் வேலையைக் குறைக்கும். வருடக்கணக்காக ஒவ்வொரு நாளும் குடிக்கும்போது மூளை அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ளும். அமைதிப் பக்கத்தைத் தாழ்த்தி, உசுப்புகிற பக்கத்தை உயர்த்தி வைத்துவிடும். அப்படிப் பழகிய ஆள் ஒரேயடியாக நிறுத்தினால், அடக்குவதற்கு ஒன்றும் இல்லாமல் மூளை முழுவதும் உசும்பி நிற்கும். கை நடுக்கம், வேர்வை, சத்தி, படபடப்பு, பிரஷர் ஏறுவது எல்லாம் அதனால்தான்.

கடைசிக் குடியில் இருந்து 6 மணித்தியாலத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் 48 மணித்தியாலத்துக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறும். எங்கே இருக்கிறோம் என்று தெரியாது, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் அடிக்கும், நாடி ஓடும். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். வைத்தியம் இல்லாமல் விட்டால் அதில் ஆளே போய்விடலாம்.

நஞ்சு கழிகிறது என்ற மாமாவின் கதையை எடுக்காதீர்கள். நேற்றுப் பின்னேரம் குடித்த மதுசாரம் இந்நேரம் அப்பாவின் இரத்தத்தில் இருக்காது. அது இல்லாமல் போனதால் வந்த நடுக்கம் இது.

ஆஸ்பத்திரியில் டயசிபாம் அல்லது குளோர்டயசிபொக்சைட் குளிசையைத் தேவையான அளவுக்குக் கொடுத்து மூளையைத் தணித்துவிட்டு, நாளுக்கு நாள் குறைத்து, ஒரு கிழமை அளவில் நிறுத்துவார்கள். விற்றமின் பி1, அதாவது தயமின் ஊசியும் போடுவார்கள். அது சின்ன விடயம் இல்லை. தொடர்ந்து குடிக்கிறவர்கள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டாலும் குடல் தயமினை உறிஞ்சுவதை மதுசாரம் தடுக்கும். தயமின் மிகவும் இறங்கினால் கண் ஆடும், நடை தள்ளாடும், பிறகு ஞாபகசக்தி திரும்பி வராமலே போகலாம். தெம்புக்கு என்று வெளியில் எங்கேயும் குளுக்கோஸ் சேலைன் ஏற்றாதீர்கள், முதலில் தயமின் போக வேண்டும்.

அங்கே டொக்டரிடம் குடித்த அளவை வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு நாளும் அரைப் போத்தல், கடைசியாக வெள்ளி பின்னேரம் என்று அப்படியே சொல்லுங்கள். மருந்தின் அளவு அதை வைத்துத்தான்.

வயற்காரன் | சனி, இரவு 9.20

அக்கா சொன்னால் சரிதான், தங்கச்சி உடனே வெளிக்கிடுங்கோ. ஆனால் ஒரு கேள்வி. ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாளும் வாயில் படாமல் இருக்கிற குடிகாரர் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

தாதி அக்கா | சனி, இரவு 9.34

அண்ணை, கிழமைக்கு ஒன்றிரண்டு நாள் குடிக்கிற ஆளுக்கு மூளை இந்த அளவுக்கு மாறியிருக்காது. அவர் மாலை போட்டு நிறுத்தலாம், ஒன்றும் வராது. விடிய எழும்பியதும் கை நடுங்குகிறது, ஒரு வாய் விட்டால்தான் சவரம் எடுக்கலாம் என்ற நிலையில் இருக்கிறவர் வேறு. முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவரும் அப்படித்தான். இவர்கள் மாலை போடுவதற்கு முன் டொக்டரைப் பார்க்க வேண்டும். பிறகு எந்த அம்மனுக்கும் எந்த நேர்த்தியும் வைக்கட்டும், நான் தடுக்கமாட்டேன். நேர்த்தி மனதைப் பிடித்து வைக்கும். வலிப்பை நிறுத்தாது.

கனகராயன் கரை | சனி, இரவு 10.15

இதை வாசித்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை. எனக்கு வந்தது இதேதான்.

நான் நிறுத்திய மூன்றாம் நாள் இரவு வீட்டுச் சுவர் முழுக்க எறும்பு. கறுப்பாக, வரிசை வரிசையாக, கூரை வரைக்கும். விளக்குமாறு எடுத்து விடியும்வரை சுவரைக் கூட்டிக்கொண்டிருந்தேன் என்று மனைவி சொல்வா. எனக்கு ஞாபகம் இருப்பது அந்த எறும்புகள்தான். அப்புறம் முற்றத்தில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். பேய் பிடித்துவிட்டது என்று வீட்டார் ஒரு பூசாரியிடம் கூட்டிக்கொண்டு போய் நூல் கட்டினார்கள். அந்த நூலோடுதான் வலிப்பு வந்து விழுந்தேன். பக்கத்து வீட்டுப் பெடியன் ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனதால் உயிரோடு இருக்கிறேன்.

வீட்டாரை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் பகுதியில் இதை அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? குடியை விடு என்று கோயிலில் சொல்கிறார்கள், சங்கக் கூட்டத்தில் சொல்கிறார்கள், அம்மா சொல்கிறா, பிள்ளை சொல்கிறது. எப்படி விடுவது என்று ஒருவரும் சொல்வதில்லை. பயத்தில் திரும்பக் குடித்து, பார் இவன் திருந்தமாட்டான் என்று பெயர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலருக்கு மனவுறுதி இல்லாமல் இல்லை. அந்த நாலைந்து நாளுக்கு மருந்து கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

மல்லாவி மகள் | ஞாயிறு, பகல் 12.10

அக்கா, அண்ணைமார், எல்லோருக்கும் நன்றி. இரவே கொண்டுபோய்விட்டோம். வழியில் ஒருக்கா உடம்பு விறைத்தது, அம்புலன்ஸில் வந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். இப்போது குளிசை கொடுத்து நித்திரை. மஞ்சள் நிற விற்றமின் சேலைன் ஒன்று ஏறுகிறது. அம்மா பக்கத்தில் இருக்கிறா.

பனையடி | ஞாயிறு, பிற்பகல் 3.30

அப்பா சுகமாகட்டும் தங்கச்சி. ஆனால் இது எல்லாம் சாராயத்தால் வந்த கேடு. எங்கள் ஆட்கள் தவறணையில் பிளாவில் பனங்கள்ளுக் குடித்துவிட்டு வயலில் நின்ற காலத்தில் இந்த ஈரல் வருத்தம் எல்லாம் இருந்ததா? கள்ளு மரத்தில் இருந்து வருகிறது, அது சாப்பாடு மாதிரி. சீவல் தொழிலாளர்களின் பிழைப்பும் அதில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு அடிக்கக் கூடாது.

ஆய்வுகூடத் தம்பி | ஞாயிறு, பிற்பகல் 4.20

அண்ணை, சீவல் தொழிலை நானும் மதிக்கிறேன். ஆனால் உடம்புக்கு மரம் தெரியாது, உள்ளே போன மதுசாரம் எத்தனை கிராம் என்பதுதான் தெரியும். பனையில் இறங்கும்போது அது இனிப்பான நீர். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் நொதிக்காமல் கருப்பணியாக நிற்கும். பூசாவிட்டால் நொதியம் சீனியை மதுசாரமாக மாற்றிக் கள்ளாக்கிவிடும். புளித்த கள்ளில் ஏறக்குறைய 5 வீதம் இருக்கும்.

கணக்குப் போடுவோம். 750 மில்லிலீற்றர் போத்தல் கள்ளில் சுமார் 30 கிராம் மதுசாரம். 33.5 வீதச் சாராயம் கால் போத்தல், அதாவது 180 மில்லிலீற்றர், சுமார் 48 கிராம். அரைப் போத்தல் என்றால் ஏறக்குறைய 100 கிராம். ஆகவே பின்னேரம் இரண்டு போத்தல் கள்ளுக் குடிக்கிறவர் கால் போத்தல் சாராயத்தைத் தாண்டிவிட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாராயம் இல்லை, பியர்தானே என்று எங்கள் பெடியள் சொல்கிறார்கள். 8.8 வீத ஸ்ட்ரோங் பியர் 625 மில்லிலீற்றர் போத்தலில் 43 கிராம் இருக்கிறது. கால் போத்தல் சாராயத்துக்கு அது கொஞ்சம்தான் குறைவு. தாகத்துக்கு என்று வெயிலில் இரண்டு போத்தல் விடுகிறவன் அரைப் போத்தல் சாராயத்துக்குப் பக்கத்தில் போய்விடுகிறான். தாகமும் தீராது. உடம்பில் தண்ணியைப் பிடித்து வைக்கிற ஹோர்மோனை மதுசாரம் அடக்கிவிடும், வழக்கத்தைவிடக் கூடச் சலம் போகும். வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தத்தால் படுகிற பாடு தெரியும்தானே. கிரியேற்றினின் (சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் ஏறுகிற கழிவு) கூடியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்ன ஆட்கள் வெயிலில் நின்று இந்த வேலையைச் செய்யக் கூடாது.

தாதி அக்கா | ஞாயிறு, மாலை 6.00

தம்பியின் கணக்கோடு இதையும் சேருங்கள். ஈரல் மதுசாரத்தை முதலில் அசற்றல்டிகைட் ஆக்கும், பிறகுதான் அசற்றேற் ஆக்கி எரிக்கும். நடுவில் வருகிற அந்த அசற்றல்டிகைட் கலங்களின் மரபணுவைக் கெடுக்கிற பொருள். மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்குகிற பொருட்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகவரகம் 1988 இலேயே சேர்த்துவிட்டது. கள்ளு, பியர், சாராயம் என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. இந்த அளவு குடித்தால் பாதகமில்லை என்று சொல்ல ஒரு அளவு கிடையாது என்று 2023 தையில் அந்த நிறுவனமே அறிவித்தது.

வாய், தொண்டை, குரல்வளை, களம் (உணவுக்குழாய்), ஈரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம். இவ்வளவு இடத்துக்கும் தொடர்பு இருக்கிறது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகமாக வருவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலையும் புகையிலையும் சேர்த்துச் சப்பிக்கொண்டு மேலே குடியும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. நாக்கின் ஓரத்தில் ஆறாத புண், கன்னத்தின் உள்ளே வெள்ளைப் படை இருந்தால் இரண்டு கிழமைக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

முறிகண்டிச் சாரதி | ஞாயிறு, இரவு 8.10

நான் லொறி ஓடுகிறவன். இரவு 8 மணிக்குத் தொடங்கி அரைப் போத்தலை முடித்துவிட்டுப் படுத்து, விடிய 5 மணிக்கு ஏ9 வீதியில் ஏறுகிற ஆட்கள் எங்களுக்குள் உண்டு. நித்திரை கொண்டு எழும்பினால் வெறி முறிந்துவிடும் என்பார்கள். கோப்பி குடித்தால் போதுமாம். சரியா?

ஆய்வுகூடத் தம்பி | ஞாயிறு, இரவு 8.45

சரியில்லை அண்ணை. 60 கிலோ ஆள் அரைப் போத்தலை முடித்தால் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் கிட்டத்தட்ட 240 மில்லிகிராம் அளவுக்கு ஏறும். சராசரி ஈரல் மணிக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் இறக்கும். 8 மணியில் இருந்து 5 மணி வரை 9 மணித்தியாலம், 135 இறங்கியிருக்கும். மிச்சம் 105. எங்கள் நாட்டில் சாரதிக்குச் சட்டம் விடுகிற எல்லை 80. பொலிஸ் ஊதச் சொன்னால் பிடிபடுவார். பிடிபடாமல் மாட்டில் மோதினால் அதைவிடப் பெரிய கரைச்சல்.

நாள்தோறும் குடித்துப் பழகியவருக்குக் கொஞ்சம் வேகமாக இறங்கும். அதை நம்பி ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது. கோப்பி, தேசிக்காய், தலையில் தண்ணி ஊற்றுவது எதுவும் ஈரலை வேகப்படுத்தாது. கோப்பி கண்ணைத் திறந்து வைக்கும், கை பிந்தித்தான் திரும்பும்.

பாலியாற்றான் | ஞாயிறு, இரவு 11.50

எல்லாம் விளங்குகிறது. ஆனால் நித்திரைக்கு என்ன செய்வது? 2009 க்குப் பிறகு கண்ணை மூடினால் அந்தக் கடற்கரைதான். குடித்தால் ஒரு நாலு மணித்தியாலம் ஒன்றும் தெரியாமல் கிடக்கலாம். அதற்காகத்தான் குடிக்கிறேன், ஆசைக்கு இல்லை.

கனகராயன் கரை | திங்கள், அதிகாலை 12.20

தம்பி, நானும் அதற்காகத்தான் தொடங்கினேன். அந்த நாலு மணித்தியாலத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கோ. இரண்டு மணிக்கு முழிப்பு, நெஞ்சு அடிக்கும், வேர்க்கும், கனவு முன்னையைவிட மோசமாக வரும். பிறகு விடியும்வரை முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பது. உங்களுக்கும் அப்படியா?

பாலியாற்றான் | திங்கள், அதிகாலை 12.31

ஓம் அண்ணை. அப்படித்தான்.

தாதி அக்கா | திங்கள், காலை 6.15

தம்பி, மதுசாரம் நித்திரையைச் சீக்கிரம் கொண்டுவரும், இரவின் பின்பாதியைக் குழப்பிவிடும். மதுசாரம் இறங்க இறங்க மூளை உசும்பும், அப்போதுதான் முழிப்பு வரும். கனவு காண்கிற நித்திரையை முன்னிரவில் அது அடக்கி வைத்திருக்கும், பின்னிரவில் அது கூடிவரும், அதனால்தான் கனவு அவ்வளவு கொடூரம். அதை மறக்க அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கூடத் தேவைப்படும்.

உங்களுக்கு இருப்பது வருத்தம். அதற்கு வைத்தியம் இருக்கிறது. மாவட்ட ஆஸ்பத்திரிகளில் உளநலப் பிரிவு இருக்கிறது, நித்திரை இல்லை என்று சொல்லிக்கொண்டே போகலாம். போக மனம் வராவிட்டால் 1926 க்கு அடியுங்கள், தேசிய உளநல உதவி இலக்கம், தமிழிலும் கதைக்கலாம். நீங்களும் ஒவ்வொரு நாளும் குடிக்கிற ஆள் என்றால் தனியாக நிறுத்த வேண்டாம், மேலே எழுதியது எல்லாம் உங்களுக்கும்தான். இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் அப்படி இல்லை, தம்பி. எனக்கும் அந்தக் கடற்கரை தெரியும்.

வயற்காரன் | திங்கள், காலை 9.00

காசு இல்லாத ஆட்கள் எங்கள் குளத்துப் பக்கம் களவாகக் காய்ச்சுகிற கசிப்பில் இறங்கிவிட்டார்கள். அது கண்ணைக் கெடுக்கும் என்கிறார்கள். உண்மையா?

ஆய்வுகூடத் தம்பி | திங்கள், காலை 10.10

கண்ணைக் கெடுப்பது மெதனோல் என்ற நச்சு மதுசாரம். சீனியும் ஈஸ்ட்டும் போட்டு நொதிக்க வைத்த கோடாவில் இருந்து அது அதிகம் வராது. வெறி ஏற்ற வேண்டும் என்று தொழிற்சாலை ஸ்பிரிட்டைக் கலக்கும்போதுதான் பெரும்பாலும் ஆபத்து. எந்தப் பரலில் யார் என்ன கலந்தார் என்று குடிக்கிறவருக்குத் தெரியாது, மணத்திலும் ருசியிலும் பிடிக்க முடியாது.

மெதனோல் ஈரலில் போமிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை எரிக்கும். 10 மில்லிலீற்றர் போதும், பார்வை போகலாம். குடித்த உடனே ஒன்றும் தெரியாது. அடுத்த நாள் கண் பனிப்புகார் மாதிரி மங்கும், வயிற்று நோ, சத்தி, பெரிய பெரிய மூச்சு. நேற்றைய வெறி இன்னும் இறங்கவில்லை என்று நினைத்துப் படுக்க வைக்காதீர்கள். நேரத்துக்குக் கொண்டுபோனால் நஞ்சை முறிக்கிற மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் செய்யலாம். ஒரே இடத்தில் குடித்த மற்ற ஆட்களையும் தேடிப் பிடித்து ஏற்றுங்கள்.

மல்லாவி மகள் | செவ்வாய், மாலை 5.25

அப்பாவுக்கு நடுக்கம் நன்றாகக் குறைந்துவிட்டது. இன்று புட்டும் முட்டையும் சாப்பிட்டார். அக்கா, இந்த ஈரல் திரும்பிச் சரியாக வருமா?

தாதி அக்கா | செவ்வாய், மாலை 6.40

கொழுப்பு மட்டும்தான் என்றால் வரும், தங்கச்சி. அதிகமாகக் குடிக்கிற கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஈரலில் கொழுப்பு படியும். முழுமையாக நிறுத்தினால் சில கிழமைகளிலேயே அது கரையத் தொடங்கும். குடி தொடர்ந்தால் ஈரல் அழலும், பிறகு தழும்பு விழுந்து இறுகிப் போகும். சிரோசிஸ் என்பது அதுதான். தழும்பான இடம் பழையபடி வராது. அந்த நிலையில்கூட நிறுத்தியவர் நிறுத்தாதவரைவிட நீண்ட காலம் இருப்பார், ஆகவே இனி நிறுத்தி என்ன பயன் என்ற கதையை ஒருவரும் எடுக்க வேண்டாம்.

ஈரல் நோகாமலே கெடும், அதுதான் அதன் பொல்லாத குணம். கண் மஞ்சளாகி செங்கமாரி தெரியும்போது, வயிற்றில் நீர் கட்டும்போது, இரத்தமாகச் சத்தி எடுக்கும்போது நேரம் பிந்திவிடும். அப்பாவுக்குக் கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள். பனடோலையும் கைக்கு வந்தபடி கொடுக்காதீர்கள். நெடுநாள் குடித்த ஈரலில் அது நச்சாக மாறுவது சுலபம். டொக்டர் சொல்கிற அளவு மட்டும்.

பனையடி | செவ்வாய், இரவு 8.00

அக்கா, என் அண்ணருக்குச் சீனி வருத்தம், கிளிபென்கிளமைட் குளிசை போடுகிறார். கள்ளுக் குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் சிலவேளை எழுப்பவே ஏலாது, உடம்பு நனைந்து கிடக்கும். வெறி என்று விட்டுவிடுகிறோம். இதையெல்லாம் வாசித்த பிறகு பயமாக இருக்கிறது.

தாதி அக்கா | செவ்வாய், இரவு 8.20

பயப்பட வேண்டிய விடயம்தான் அண்ணை, நல்ல காலம் கேட்டீர்கள். சாப்பிடாத நேரத்தில் இரத்தத்துக்குச் சீனி செய்து அனுப்புவது ஈரல்தான். மதுசாரத்தை எரிக்கும்போது அந்த வேலையை அது செய்யாது. அந்தக் குளிசை வேறு சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்தால் நடுச்சாமத்தில் சீனி அடியோடு இறங்கும். வேர்வை, தடுமாற்றம், குழறிய பேச்சு. பார்க்க வெறி மாதிரியே இருக்கும். விழுந்து தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கசிந்தாலும் அப்படித்தான் இருக்கும். வெறியில் கிடக்கிறார் என்று விட்ட சிலரை விடிய வாட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வீட்டில் குளுக்கோமீற்றர் ஒன்று வாங்கி வையுங்கள். விரலில் குத்தி 70 (mg/dL) க்குக் கீழே இருந்து, ஆள் விழுங்கக்கூடியவர் என்றால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுங்கள், கால் மணித்தியாலத்தில் திரும்பக் குத்திப் பாருங்கள், பிறகு சோறு. சரியாக வந்தாலும் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், அந்தக் குளிசை திரும்ப இறக்கும். உலுப்பியும் கண் திறக்காவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து 1990 க்கு அடியுங்கள். அடுத்த கிளினிக்கில் குளிசையைப் பற்றியும் கள்ளைப் பற்றியும் இரண்டையும் சொல்லுங்கள். மருந்தை மாற்றித் தர இடம் இருக்கிறது.

பனையடி | செவ்வாய், இரவு 8.31

வெள்ளிக்கிழமை கிளினிக். நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.